நகைச்சுவை நடிகருக்கு நடிக்கத் தெரியும் என்பது ஒரு செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பேப்பரின் திரைப்படப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஒரு நகைச்சுவை நடிகர் கொஞ்சம் கனமான வேடத்தில் வந்துவிட்டால் போதும், விமர்சனம் எழுதுகிற எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் கட்டுரை எழுதப் பழகியவர்கள் மாதிரி ஒரே வரியை எழுதுகிறார்கள். சிரிக்க வைப்பவர் என்ற முத்திரையை உடைத்துவிட்டாராம், தன்னால் நடிக்கவும் முடியும் என்று நிரூபித்துவிட்டாராம். 2023 பிப்ரவரியில் ‘பொம்மை நாயகி’ வந்தபோது யோகி பாபுவுக்கு இதைச் சொன்னார்கள், மார்ச் கடைசியில் ‘விடுதலை’ வந்தபோது சூரிக்குச் சொன்னார்கள், ஜூன் கடைசியில் ‘மாமன்னன்’ வந்ததும் வடிவேலுவுக்கும் அதையே சொன்னார்கள். வடிவேலுவுக்கு! முப்பது வருஷமாக வீட்டுக்கு வீடு டிவியில் ஓடிக்கொண்டிருக்கிற மனிதருக்கு, இப்போதுதான் நடிப்பு வந்திருக்கிறது என்று ஒரு நற்சான்றிதழ்.

அதுவரை அவர் செய்துகொண்டிருந்தது என்னவாம்? ‘பிரண்ட்ஸ்’ படம் வந்தது 2001இல். அதில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்த சங்கதி 2019இல் ட்விட்டரில் டிரெண்ட் ஆனது, நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று ஊர் உலகமெல்லாம் கிளம்பியது. இல்லாத ஒரு மனிதனின் தலைக்காயத்தைப் பதினெட்டு வருஷம் கழித்து ஜனங்கள் நலம் விசாரிக்கிறார்கள் என்றால், அந்த மனிதனை இருக்கிறவனாக ஆக்கிக் காட்டியது நடிப்பு இல்லையா? கண்ணீர் வந்தால் நடிப்பு, சிரிப்பு வந்தால் சேட்டை என்று நாம் எப்போது பிரித்தோம் என்று எனக்குப் புரியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, ஒவ்வொரு தலைமுறையும் இதைப் புதுசாகக் கண்டுபிடிக்கிறது. நாகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’ செல்லப்பாவும் அவர்தான், அதே வருஷம் ‘சர்வர் சுந்தர’மும் அவர்தான். 1965இல் ‘திருவிளையாடல்’ தருமியாகக் கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்பி நம்மைச் சிரிக்க வைத்தவர், அதே 1965இல் கே. பாலசந்தர் இயக்குநராக அறிமுகமான ‘நீர்க்குமிழி’யில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு கலகலப்பாகப் பேசியே நெஞ்சை அடைக்க வைத்தார். ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’ அந்தப் படத்துப் பாட்டுத்தான். அப்புறம் 1968இல் ‘எதிர்நீச்சல்’ மாது. மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, குடியிருப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் எடுபிடி வேலை செய்து படிக்கிற அநாதைப் பையன். இந்த வேடங்களில் எது சிரிப்பு, எது அழுகை என்று கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம். மாது பேசுகிற பாதி வசனம் நகைச்சுவைதான், ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை கட்டிக்கொள்ளும்.

அதே 1968இல்தான் ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தியும். எனக்குக் கேட்டால் நாகேஷின் மிகக் கனமான வேடம் அதுதான் என்பேன். அவர் அதில் சோகமாக ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை, வழக்கமான அதே வளைந்த முதுகு, அதே துறுதுறுப்பு, அதே குழைவு. ஆனால் ஒரு பெண்ணைப் பணக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத் துடிக்கிற தரகன் அவன். நாம் சிரித்து ரசித்த அதே உடம்பு அருவருப்பாக மாறுகிறது, அதற்காக அவர் ஒப்பனையையோ குரலையோ மாற்றவில்லை. இதெல்லாம் நடந்து கால் நூற்றாண்டு கழித்து, ‘நம்மவர்’ (1994) படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாக நடித்ததற்குத்தான் அவருக்குத் தேசிய விருது கொடுத்தார்கள், அதுவும் சிறந்த துணை நடிகர் விருது. ஆக, அழுதுகாட்டும் வரை காத்திருந்தார்கள்.

ஜனகராஜும் அப்படித்தான். 1987இல் ‘நாயகன்’ செல்வமாக வேலு நாயக்கரின் நிழல் மாதிரி கூடவே இருந்தவர், அடுத்த வருஷமே ‘அக்னி நட்சத்திர’த்தில் பொண்டாட்டி ஊருக்குப் போன சந்தோஷத்தில் தெருவில் துள்ளிக் குதித்தார். இரண்டும் மணிரத்னம் படம், இரண்டிலும் ஒரே ஆள். ஊருக்கு எது ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நகைச்சுவை நடிகர்களைத் தேடி இந்த வேடங்கள் ஏன் இப்போது வரிசையாக வருகின்றன? அவர்களிடம் திடீரென்று திறமை முளைத்துவிட்டது என்பதுதான் உங்கள் விமர்சகர்களின் பதில். என் பதில் வேறு. தமிழ் சினிமாவில் தோற்பதற்கு அனுமதி உள்ள ஒரே நடிகர் நகைச்சுவை நடிகர்தான். கதாநாயகன் பயப்படக்கூடாது, அடி வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும், யார் முன்னாலும் கைகட்டி நிற்கக்கூடாது, நின்றால் இடைவேளைக்குள் அதற்குப் பழி வாங்கியாக வேண்டும். ரசிகர் மன்றம் இருக்கிறது, விநியோகஸ்தர் இருக்கிறார், முதல் நாள் முதல் காட்சி இருக்கிறது. இத்தனை பேரையும் மீறி ஒரு பெரிய ஹீரோ சாதாரண மனிதனாக, அதாவது வாழ்க்கையில் பெரும்பாலும் தோற்கிற மனிதனாக நடிப்பது அபூர்வம். அப்படியானால் ஒரு சாதாரண மனிதனைப் பற்றிப் படம் எடுக்க நினைக்கும் இயக்குநர் யாரிடம் போவார்? பயந்து காட்டி, அடி வாங்கிக் காட்டி, அவமானப்பட்டுக் காட்டியே வயிறு வளர்த்தவரிடம்தான் போவார்.

‘விடுதலை’ முதல் பாகத்தைப் பாருங்கள். குமரேசன் புதிதாக வேலைக்குச் சேர்ந்த போலீஸ் டிரைவர், அந்த முகாமிலேயே கடைசி ஆள். அடிபட்டவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதற்காக மேலதிகாரி மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார், தப்பு செய்யாதபோது எதற்கு மன்னிப்பு என்று இவர் மறுக்கிறார். மறுப்பது வீராவேசமாக இல்லை. நடுங்கிக்கொண்டு, தண்டனையையும் ஏற்றுக்கொண்டு, அதே சமயம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமல் நிற்கிறார். ஒரு பெரிய ஹீரோ அந்த இடத்தில் நின்றிருந்தால் அந்த அதிகாரி எப்போது அடி வாங்குவார் என்றுதான் தியேட்டரே காத்திருக்கும். சூரி நிற்கும்போது அப்படி ஒரு எதிர்பார்ப்பு வருவதே இல்லை, நிஜமாகவே இந்த ஆளுக்கு என்ன ஆகுமோ என்று பயம் வருகிறது. ‘வெண்ணிலா கபடி குழு’ பரோட்டாவிலிருந்து பதினான்கு வருஷமாக நாம் அவரை இளக்காரமாகப் பார்த்துப் பழகியதுதான் இங்கே இயக்குநர் வெற்றிமாறனுக்குக் கிடைத்த மூலதனம்.

வடிவேலு விஷயம் இதைவிட ஆழமானது. 1992இல் ‘தேவர் மகன்’ படத்தில் அவர் இசக்கி. பெரிய வீட்டு விசுவாசி, கோயில் பூட்டைத் திறந்ததற்காகக் கையை இழக்கிறவன். அப்போது யாரும் அதைக் கனமான வேடம் என்று பெரிதாகப் பேசவில்லை. முப்பத்தொரு வருஷம் கழித்து ‘மாமன்னன்’ இயக்குநர் மாரி செல்வராஜ், அந்த இசக்கிதான் தன் மாமன்னன் என்று மேடையிலேயே சொன்னார், அதை ஒட்டி நடந்த வாதப் பிரதிவாதங்கள் உங்கள் பேப்பரிலும் வந்தன, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியம் ஒரு நாற்காலி. மாமன்னன் சட்டமன்ற உறுப்பினர், ஆனால் கட்சியின் பெரிய வீட்டில் அவருக்கு உட்கார இடமில்லை, நிற்க வேண்டும். மகன் உட்காரச் சொல்கிறான், அவருக்கோ உட்கார உடம்பு வளையவில்லை. அந்த இடத்தில் வடிவேலு உடம்பை என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் தோளைக் குறுக்கிக் கண்ணை இடுக்கி ஒடுங்குவாரே, கைப்புள்ளயாக, நாய் சேகராக நூறு தடவை நாம் கைதட்டிச் சிரித்த அதே ஒடுக்கம்தான் இது. கொஞ்சம் வேகத்தைக் குறைத்திருக்கிறார், அவ்வளவுதான். நாம் இத்தனை நாள் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்கிற கேள்வி அந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. சிரிப்பு வேடங்களை விட்டு விலகி வந்து அவர் இதைச் செய்யவில்லை, அவற்றைக் கையோடு கொண்டுவந்து செய்திருக்கிறார். ‘முத்திரையை உடைத்தார்’ என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். முத்திரை உடையவில்லை, அது இல்லாவிட்டால் அந்தக் காட்சியே இல்லை.

இடையில் 2006இல் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் அவருக்கு இரட்டை வேடம். கோமாளி ராஜாவை எல்லோருக்கும் தெரியும். நாட்டுக்காகக் கோபப்படுகிற உக்கிரபுத்தனையும் அதே படத்தில் அதே ஆள்தான் செய்தார், நிமிர்ந்த நடையும் நிதானமான பேச்சுமாக. அதை யாரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

தொழில் ரீதியாகவும் ஒன்று சொல்ல வேண்டும். எண்பது, தொண்ணூறுகளின் படங்களில் நகைச்சுவை டிராக் என்று தனியாக ஒன்று ஓடும். பெரும்பாலும் கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது, சில நாள் கால்ஷீட்டில் எடுத்து முடித்து நடுநடுவே சொருகிவிடுவார்கள். அந்த நடிகருக்கு அறிமுகக் காட்சி கிடையாது, அப்பா அம்மா கிடையாது, முன்கதை கிடையாது. வந்து நின்ற பத்து வினாடிக்குள் இவன் யார், என்ன ஜாதிக் குணம், எதற்கு ஆசைப்படுகிறான், எதற்குப் பயப்படுகிறான் என்பதை முகத்திலேயே சொல்லியாக வேண்டும். கவுண்டமணி கடையில் உட்கார்ந்திருக்கிற தோரணையிலேயே அந்த ஊரில் அவருக்கு எவ்வளவு மரியாதை, அதில் எவ்வளவு அவராகக் கற்பனை செய்துகொண்டது என்பது தெரிந்துவிடும். செந்தில் வாயே திறக்க வேண்டாம். அதற்கு மேல் எதிராளி பேசும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும், அரை வினாடி பிசகினால் சிரிப்பு போய்விடும். இப்படிப் பத்திருபது வருஷம் பழகியவரிடம் முழுசாக எழுதப்பட்ட ஒரு பாத்திரத்தைக் கொடுத்தால் அவர் நன்றாகச் செய்வதில் என்ன ஆச்சரியம்?

இந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்காதீர்கள். எனக்குப் பெரிய குறையே இருக்கிறது. ஒரு வெற்றி கிடைத்ததும் நம் ஆட்கள் சூத்திரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: நகைச்சுவை நடிகர், ஏழை, அப்பாவி, அவருடைய வீட்டில் ஒரு கொடுமை நடக்கும், அவர் அழுவார். ‘பொம்மை நாயகி’யில் யோகி பாபு சின்னப் பெண்ணுக்கு நடந்த கொடுமைக்காக நியாயம் தேடும் தகப்பன், ‘செம்பி’யில் கோவை சரளா அதே மாதிரி பேத்திக்காக அலையும் பாட்டி. இருவரும் நேர்மையாக நடித்திருக்கிறார்கள், அதில் குறை இல்லை. ஆனால் ஒரு நகைச்சுவை நடிகரைக் கனமாகக் காட்ட வேண்டும் என்றால் ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்தே தீர வேண்டுமா? அவரைச் சிரிக்கவிடாமல் பிடித்து நிறுத்துவதற்கு அவ்வளவு பெரிய ஆயுதம் எதற்கு?

யோகி பாபுவை எனக்குப் பிடித்தது ‘மண்டேலா’வில்தான் (2021). ஊரில் முடிவெட்டுகிறவர், முன்வாசல் வழியாக எந்த வீட்டுக்குள்ளும் போக முடியாதவர், சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லாமல் இளிச்சவாயன் என்று கூப்பிடப்படுகிறவர், தபால் ஆபீசில் கணக்குத் திறக்கப் போன இடத்தில் பெயர் வைக்கிறார்கள். இரண்டு ஜாதிக்கு நடுவே தேர்தல் சமநிலையில் நிற்க, இவருடைய ஒற்றை ஓட்டுக்காக ஊரே இவர் காலடியில் விழுகிறது. படம் முழுக்கச் சிரிப்பு. அந்த ஓட்டை வைத்து அவர் சலுகை வாங்க ஆரம்பிப்பதும், கொஞ்சம் கொஞ்சமாகப் பேராசைப்படுவதும்கூடச் சிரிப்புத்தான். மற்ற படங்களில் அவருடைய தலைமுடியையும் முகத்தையும் கதாநாயகன் கேலி செய்கிற அதே வார்த்தைகள் இங்கேயும் வருகின்றன, ஆனால் இங்கே கேலி செய்கிறவன்தான் அசிங்கப்பட்டு நிற்கிறான். மடோன் அஸ்வினுக்கு அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும், வசனத்துக்கான தேசிய விருதும் இந்தப் படத்துக்காகக் கிடைத்தன. அதிலும் அழவைத்து வாங்கியது எதுவும் இல்லை.

அதே போல் ‘கொட்டுக்காளி’ (2024). பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போன படம், இங்கே தியேட்டரில் என்ன மரியாதை கிடைத்தது என்பது உங்களுக்கே தெரியும். சூரி இதில் அப்பாவியே இல்லை. தொண்டை கட்டிய கரகரத்த குரலோடு, கழுத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு, உள்ளே புகைந்துகொண்டே வருகிற ஒரு முறைமாப்பிள்ளை, தனக்கு நிச்சயித்த பெண் ஒரு பாட்டை முணுமுணுத்தாள் என்பதற்காக எல்லோரையும் போட்டு அடிக்கிறவன். நம் வீட்டு விசேஷங்களில் பார்த்த ஆள். அவன் மேல் இரக்கம் வரவும் விடாமல், அவனை முழு வில்லனாக ஆக்கவும் விடாமல் நடித்திருக்கிறார் பாருங்கள், ‘விடுதலை’யைவிட இதுதான் கஷ்டம். அதே வருஷம் வந்த ‘கருடன்’ நன்றாக ஓடியது, அதில் அவரும் கடைசியில் எல்லோரையும் போல அடித்து நொறுக்குகிற ஹீரோ ஆகிவிட்டார். தோற்பதற்கு இருந்த அனுமதிச் சீட்டை அவரே திருப்பிக் கொடுத்த மாதிரி எனக்குப் பட்டது, ஆனால் பிழைப்பு அவருடையது, நான் யார் சொல்ல. எம்.எஸ். பாஸ்கரைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். ‘மொழி’யில் மகன் போன துக்கத்தில் 1984ஆம் வருஷத்திலேயே நின்றுபோன பேராசிரியர், அவர் அந்த வருஷத்துச் செய்தியைப் பேசப் பேச நாம் சிரித்துக்கொண்டிருப்போம், உண்மை தெரிந்து அவர் உடையும்போது நம் சிரிப்பே நமக்குக் குற்றமாகத் தெரியும். ‘பார்க்கிங்’ படத்தில் கார் நிறுத்தும் இடத்துக்காகக் குடும்பத்தையே நாசமாக்கிக்கொள்கிற, ஓய்வுபெறும் வயதில் இருக்கிற அரசு ஊழியர். அதற்குத் தேசிய விருதே கிடைத்தது, மறுபடியும் துணை நடிகர் என்ற கணக்கில்.

துணை என்றதும் இன்னொரு எரிச்சல். 2010ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் சிறந்த நடிகர் பட்டத்தைத் தனுஷோடு பகிர்ந்துகொண்டவர் மலையாளத்தின் சலீம் குமார், அங்கே நகைச்சுவைக்குப் பெயர் போனவர். சில வருஷம் கழித்து அதே பட்டம் சுராஜ் வெஞ்ஞாறமூடுக்கும் கிடைத்தது, அவரும் அதே தொழில். நம் பக்கம் 2010க்கு ‘மைனா’ தம்பி ராமையாவுக்குத் துணை நடிகர் விருது, சரி, நியாயம்தான். அடுத்த வருஷம் ‘அழகர்சாமியின் குதிரை’க்காக அப்புக்குட்டிக்கும் துணை நடிகர் விருது. படத்தின் பெயரே அவருடைய பாத்திரத்தின் பெயர்! அழகர்சாமியே துணை என்றால் அந்தப் படத்தில் யாருக்குத் துணை, குதிரைக்கா?

இவர்களெல்லாம் ஹீரோவாகிவிட்டால் இனி யார் நம்மைச் சிரிக்க வைப்பது என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். இவர்கள் கனமான வேடத்துக்குப் போனதால் டிராக் சாகவில்லை. அது செத்த பிறகுதான் இவர்களுக்கு வேறு வேலை தேட வேண்டி வந்தது. விவேக் ‘நான்தான் பாலா’, ‘வெள்ளைப் பூக்கள்’ என்று தேடிக்கொண்டிருந்தார், 2021இல் போய்விட்டார்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் உங்கள் பக்கம் சுத்தமாகத் தொடவில்லை. ஆண்களுக்காவது தாமதமாக இந்தக் கதவு திறந்தது. மனோரமாவுக்கு 1989இன் ‘புதிய பாதை’க்காகத் துணை நடிகை தேசிய விருது கிடைத்தது, அவர் ஒரு பேராறு, அவரை விதிவிலக்காக வைத்துவிடுவோம். கோவை சரளா ‘சதி லீலாவதி’யில் (1995) கமலுக்கு மனைவியாக, கொங்குப் பேச்சோடு, ஒரு பெண்ணின் கோபத்தையும் ரோஷத்தையும் சிரிப்புக்குள்ளேயே வைத்து நடித்திருக்கிறார். அதன் பிறகு அவரை மையமாக வைத்து ஒரு கனமான படம் வர 2022 டிசம்பர் வரை ஆயிற்று, அதுவும் பாட்டியாக. நடுவில் இருபத்தேழு வருஷம் அவர் செய்தது பெரும்பாலும் வடிவேலுவையும் மற்றவர்களையும் துடைப்பத்தால் அடிப்பது. அடுத்த முறை உங்கள் நிருபர் அவரைப் பேட்டி எடுக்கப் போனால், ‘மறுபடி காமெடிக்கு எப்போது வருவீர்கள்’ என்று கேட்காமல், இந்த இருபத்தேழு வருஷத்தில் எப்படிப்பட்ட கதைகள் வந்தன, எவற்றை வேண்டாம் என்றார், எவை வராமலே போயின என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். முழுப் பக்கம் கொடுத்தாலும் படிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
விருதுநகர்.